நவம்பர் 7-இல் பிறந்தவர்கள்: பிழையில்லாமல் பட்டியல் போடும் முறை

பள்ளிக்கூட அறிவிப்புப் பலகைக்கு 'இன்று பிறந்தவர்கள்' எழுத ஆறு பெயர் போதும். பழகிப் பார்க்க நவம்பர் 7 அருமையான நாள்: மேரி கியூரி (1867, வார்சா), இயற்பியலாளர் லீசே மைட்னர் (1878, வியன்னா), ரஷ்யப் புரட்சித் தலைவர் ட்ராட்ஸ்கி (1879), திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன் (1888), பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு (1913), பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசன் (1954).

முதலில் ஒரு தாளில் நாலு கட்டம் போடுங்கள்: பெயர், பிறந்த தேதி, ஊர், எந்த ஆவணம். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் அந்தப் பெயரை ஏற்றாதீர்கள். இணையத்தில் பத்து இடத்தில் ஒரே தேதி இருந்தால் பத்துச் சான்று என்று அர்த்தமில்லை. ஒன்றைப் பார்த்து இன்னொன்றில் எழுதியிருப்பார்கள்.

அதிகம் தப்பு நடப்பது நாள்காட்டியில். ரஷ்யாவில் 1918 ஜனவரி வரை பழைய ஜூலியன் நாள்காட்டிதான். அதன்படி ட்ராட்ஸ்கி பிறந்தது அக்டோபர் 26. இன்றைய தேதிக்கு மாற்ற, 1700 மார்ச் முதல் 11 நாள், 1800 மார்ச் முதல் 12, 1900 மார்ச் முதல் 13 கூட்ட வேண்டும். 26-உடன் 12 சேர்த்தால் 38. அக்டோபரின் 31 போக நவம்பர் 7. இங்கே 13-ஐக் கூட்டினால் 8 வந்துவிடும். 1900 ஜூலியனில் லீப் ஆண்டு, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாள்காட்டியில் இல்லை. 12 என்பது 13 ஆனதற்கு அந்த ஒரு நாள்தான் காரணம். ரஷ்யப் புரட்சியோ 1917 அக்டோபர் 25. அதற்கு 13 கூட்ட, அதுவும் நவம்பர் 7-இலேயே வந்து விழுகிறது!

மைட்னருக்கு வேறு சிக்கல். வியன்னா யூத சமூகப் பதிவேட்டில் 17 என்று இருக்கிறது. மற்ற ஆவணங்களில் 7. அவரும் 7-ஐயே பிறந்தநாளாகக் கொண்டார். ஆகவே 7 என்றே போடலாம்.

ஷேக்ஸ்பியருக்குக் கிடைப்பது 1564 ஏப்ரல் 26 திருமுழுக்குப் பதிவு மட்டும். ஏப்ரல் 23-ஐப் பிறந்தநாளாக எழுதினால் 'மரபுப்படி' என்று சேருங்கள். ராமானுஜரின் சித்திரைத் திருவாதிரை நட்சத்திரக் கணக்கு. ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும் என்பதால் இந்தப் பட்டியலில் வேண்டாம்.

பெயருக்கு எதிரே புகழ்மொழி எழுதாமல், செய்ததை ஒரே வரியில் எழுதுங்கள். இருவரை இணைக்க முடிந்தால் இன்னும் நல்லது: தனிம அட்டவணையில் 96 கியூரியம், 109 மைட்னீரியம். அந்த இரண்டு கட்டத்தையும் பலகையில் பெரிதாக வரைந்து வையுங்கள்.

கலைஞர்கள் விஷயத்தில் அவர்கள் வாயால் சொன்ன தேதியையும் சரிபாருங்கள். ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் 1900 ஜூலை 4 என்றே சொல்லிவந்தார்; அவர் மறைந்தபின் கிடைத்த திருமுழுக்குப் பதிவு 1901 ஆகஸ்ட் 4 என்கிறது.