கோணேசபுரியிலிருந்து பட்டினத்துக்கு: பல்கலைக்கழக–நகரக் கூட்டு முயற்சிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளி வீதியில், கோணேசபுரியில் அமைந்திருக்கிறது. நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் வந்து அங்கே படிக்கும் மாணவர் ஒருவருக்கு, முனைந்து வெளியே செல்லாவிட்டால், திருகோணமலை என்பது பேருந்து நிலையம், கோணேசர் கோயில், உப்புவெளிக் கடற்கரை ஆகிய மூன்றோடு முடிந்துவிடும். இந்த இடைவெளியைக் குறைப்பதற்காகவே பல்கலைக்கழகங்கள் உள்ளூராட்சி மன்றங்களோடும் சங்கங்களோடும் பாடசாலைகளோடும் கூட்டு முயற்சிகளைத் தொடங்குகின்றன. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் ஆராயப்படும் கேள்வி யாருடையது என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானிக்காமல் விடுவதால், பின்னர் வரும் தவறுகளில் பெரும்பாலானவை தாமாகவே வந்து சேர்ந்துவிடுகின்றன.

விரிவுரை மண்டபத்தில் தலைப்பைத் தெரிவுசெய்துவிட்டு, அதற்குப் பொருத்தமான கிராமத்தைத் தேடிச் செல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. 1970களில் நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் தோன்றிய ‘அறிவியல் கடைகள்’ இந்த வரிசையைத் தலைகீழாக்கின. ஆய்வுக்குப் பணம் செலவிட வசதியில்லாத குடியிருப்பாளர் குழுக்களும் தொழிலாளர் அமைப்புகளும் தமது கேள்வியைக் கொண்டுவந்து கொடுக்க, மாணவர்கள் ஆசிரியரின் மேற்பார்வையில் அதற்கு விடை தேடினர். இங்கும் ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கமோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ, தாங்கள் எதை அறிய விரும்புகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதித் தந்த பிறகே மாணவர்களுக்கு ஒப்படையைப் பிரித்துக் கொடுக்கலாம். அதற்கு ஒரு கூட்டமும் சிறிது பொறுமையும் போதும்.

கேள்வி பிழைத்தால் களத்தில் என்ன நிகழும் என்பதைத் திருக்கடலூர்க் கரையில் காணலாம். வள்ளங்கள் கரையேறி, மீன் ஏலம் போய்க்கொண்டிருக்கும் காலை நேரத்தில், கையில் வினாக்கொத்தோடு வரும் மாணவர் ஒருவர், “ஐயா, உங்கள் மாத வருமானம் எவ்வளவு?” என்று கேட்கிறார். கேட்கப்பட்டவர் ஏலக்காரரின் குரலில் ஒரு காதை வைத்துக்கொண்டே, வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொல்லி அனுப்பிவிடுகிறார். அவர் பொய் சொல்ல விரும்பியதனால் அல்ல. பிடிபட்ட மீனின் விலையில் எண்ணெய்ச் செலவு கழிந்து, வள்ளத்துக்கும் வலைக்கும் உரிய பங்கு கழிந்து, எஞ்சியது ஆட்களுக்கிடையே பிரியும் தொழிலில் மாத வருமானம் என்ற ஒன்று இல்லை. கடலுக்குப் போகாத மாதங்களும் உண்டு. அதே மாணவர் பிற்பகலில், வலை பொத்திக்கொண்டிருக்கும்போது சென்று, “கடைசியாகக் கடலுக்குப் போன அன்று என்ன கிடைத்தது, எண்ணெய்க்கு எவ்வளவு போனது, பங்கு எப்படிப் பிரிந்தது?” என்று கேட்டிருந்தால், அரை மணி நேரத்தில் ஒரு குடும்பத்தின் பொருளாதாரம் முழுவதையும் அறிந்துகொண்டிருப்பார். அந்த அரை மணி நேரத்துக்கு முன், தொழில் தெரிந்த ஒருவரிடம் வினாக்கொத்தைக் காட்டித் திருத்துவது எந்தப் புள்ளிவிபரவியல் பாடத்தையும்விடப் பயன்தரும் என்பது என் கருத்து.

இன்னொன்றையும் மாணவர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின்னரும், 2006இல் மூதூர், சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்த பின்னரும், இம்மாவட்டத்தின் கரையோரக் குடும்பங்கள் படிவங்களை நிரப்பி நிரப்பிச் சலித்தவை. எத்தனையோ அமைப்புகள் வந்து பெயர் எழுதின, ஆள் எண்ணின, படம் எடுத்தன. வாசலில் கோப்போடு நிற்பவரைக் கண்டதும் “வீடு தரப் போகிறீர்களா?” என்று ஒரு மூதாட்டி கேட்டால், அதைக் குறும்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எதையும் தர வரவில்லை, இன்ன காரணத்துக்காகவே கேட்கிறோம், விருப்பமில்லாவிட்டால் பதில் சொல்லத் தேவையில்லை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

பல்கலைக்கழக நாட்காட்டியை ஊரின் நாட்காட்டியாகக் கருதுவது அடுத்த பெருந்தவறு. வடகீழ்ப் பருவக்காற்றின் மாதங்களில் கடல் கொந்தளித்திருக்கும். சித்திரை முதல் புரட்டாதி வரை கடல் அமைதியடைய, நிலாவெளியும் உப்புவெளியும் சுற்றுலாப் பயணிகளால் நிரம்பியிருக்கும். தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் பெரும்போக அறுவடை நேரத்தில் யாரும் கலந்துரையாடலுக்கு வரமாட்டார்கள். நோன்பு மாதத்தில் கிண்ணியாவில் பிற்பகல் கூட்டம் வைப்பவர் அந்த ஊரை அறியாதவர். செமஸ்டர் தொடங்கும் திகதியையும் இவற்றையும் ஒரே தாளில் எழுதி ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதிச் சிக்கல் தீரும். கையில் கிடைக்கும் வாரங்கள் போதாவிட்டால், வேலையைச் சுருக்க வேண்டுமே தவிர, ஊரை அவசரப்படுத்தக் கூடாது.

ஒரு செமஸ்டரோடு முடித்துக்கொள்வதும் இதனோடு சேர்ந்த பிழையே. 1992இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் தொடங்கிய சமூகக் கூட்டு மையம், மேற்குப் பிலடெல்பியாவின் பாடசாலைகளோடு தொடர்ந்து பல ஆண்டுகள் ஒரே இடத்தில் வேலை செய்ததனால்தான் பேசப்படுகிறது. 2009இல் தொடங்கிய ஓரிகன் பல்கலைக்கழகத்தின் திட்டமோ, ஒரு கல்வியாண்டு முழுவதும் பல துறைகளின் பாடங்களை ஒரே நகரத்தின் பிரச்சினைகள் மீது திருப்பியது. அதை அப்படியே இங்கு இறக்குமதி செய்ய முடியாது, ஏனெனில் அங்கே நகர நிர்வாகமே கட்டணம் செலுத்திப் பங்குகொள்கிறது. ஆனால் தொடர்பாடல், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம் ஆகிய மூன்றையும் கற்பிக்கும் ஒரு வளாகம், அம்மூன்றையும் ஒரே குடியிருப்பின் பக்கம் திருப்புவதற்குப் பெரும் பணம் தேவையில்லை.

புரிந்துணர்வு உடன்படிக்கை கையெழுத்தானதும் எல்லாக் கதவுகளும் திறந்துவிடும் என்று நம்புவோரும் உளர். திருகோணமலையில் அது நடக்காது. கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழியிலுள்ள பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட புறாமலைத் தீவு வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ் வருகிறது. துறைமுகத்தின் பகுதிகள் துறைமுக அதிகார சபையிடமும் கடற்படையிடமும் உள்ளன. கோட்டையிலும் பட்டினத் தெருக்களிலும் திரியும் புள்ளிமான்களையே எடுத்துக்கொள்வோம். அவை குப்பையோடு பொலித்தீனையும் தின்று இறப்பதைப் பற்றி ஒரு மாணவர் குழு ஆராய முற்பட்டால், குப்பைக்கு உள்ளூராட்சி மன்றம், மானுக்கு வனசீவராசிகள் திணைக்களம், கோட்டைக்கு இராணுவம் மற்றும் தொல்லியல் திணைக்களம், பொலித்தீனுக்குக் கடைக்காரரும் யாத்திரிகரும் என்று பொறுப்பு பலராகப் பிரிந்து நிற்பதை முதல் வாரத்திலேயே காணும். அனுமதிக் கடிதங்களை நேரத்தோடு கேட்காவிட்டால் அந்தக் குழு கடைசியில் கடற்கரையில் ஒரு சிரமதானம் செய்து, பதாகையோடு படமெடுத்துக்கொண்டு திரும்பும். நகரத்தை யார் எப்படி நடத்துகிறார்கள் என்பதைக் கற்றுக்கொள்ளக் கிடைத்த நல்ல வாய்ப்பு அத்தோடு போய்விடும்.

மொழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் மாவட்டத்தில், தமிழ் தெரிந்த ஒருவர் மட்டும் எல்லோருக்காகவும் கேட்டு எழுத, மற்றவர்கள் கணினியில் தரவு பதிவதோடு நின்றுவிடும் குழுக்கள் நகரத்தை அறிவதில்லை. இருமொழிச் சோடிகளாகப் பிரித்து அனுப்புவது நல்லது. அப்படி அனுப்பும்போது பட்டினத்தை அடுத்த இடங்களையே மீண்டும் மீண்டும் தெரிவுசெய்யாமலிருக்கவும் கவனம் வேண்டும். கிண்ணியாப் பாலம் 2009இலேயே திறக்கப்பட்டுவிட்டதால், அப்பக்கம் போகாமலிருக்கப் பயணத்தைச் சாக்காகச் சொல்ல முடியாது.

இறுதியாக, அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதி, புள்ளி வாங்கி, அலுமாரியில் வைத்துவிடும் பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டறிந்தவற்றை இரண்டு பக்கங்களில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, கேள்வி கேட்ட சங்கத்தின் கூட்டத்தில் மாணவர்களே வாசிக்க வேண்டும். அங்கே எழும் மறுப்புகளையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும். மதிப்பீட்டில் இதற்கென்று ஒரு பங்கு புள்ளி ஒதுக்கப்படாதவரை எந்த மாணவரும் இதைச் செய்யப் போவதில்லை, அதற்காக அவர்களைக் குறைகூறவும் முடியாது. பிரதேச செயலாளர்கள் இடமாற்றம் பெறுவார்கள், ஒருங்கிணைக்கும் விரிவுரையாளர் மேற்படிப்புக்குப் போய்விடுவார். ஆகவே பதிலளித்தவர்களின் பெயர்களை நீக்கிய பிரதியொன்றைப் பட்டினத்தின் பொது நூலகத்திலும் இன்னொன்றைச் சங்கத்தின் கோப்பிலும் வைத்தால், அடுத்த ஆண்டு வரும் குழு அதே வீட்டுக்குச் சென்று அதே கேள்வியைக் கேட்க வேண்டியிராது.