இஃப் வாக்கியத்தில் எந்த டென்ஸ் போடுவது?

'பணம் கிடைத்தால் வீடு வாங்குவேன்.' இதை இங்கிலீஷில் சொல்லுங்கள் பார்ப்போம். லோன் கிட்டத்தட்ட உறுதியானவர் ஒரு மாதிரி சொல்வார், சும்மா கனவு காண்பவர் வேறு மாதிரி சொல்வார். ஜீரோ, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று கண்டிஷனல் (இஃப் வாக்கிய வகை) பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது.

படி 1: நடக்கக்கூடியதா, வெறும் கற்பனையா, முடிந்துபோனதா? டென்ஸைத் தொடும் முன் இதை முடிவு செய்யுங்கள்.

படி 2: நடக்கக்கூடியது என்றால் இஃப் பக்கம் சிம்பிள் பிரசன்ட், மறுபக்கம் வில்.
'இஃப் ஐ கெட் தி மணி, ஐ வில் பை எ ஹவுஸ்.'
நாளைய விஷயம்தானே என்று 'இஃப் ஐ வில் கெட்' என்று எழுதத் தோன்றும். வேண்டாம். எப்போதும் நடக்கும் உண்மை என்றால் இரண்டு பக்கமும் பிரசன்ட்: 'இஃப் யூ ஹீட் ஐஸ், இட் மெல்ட்ஸ்.'

படி 3: கற்பனை என்றால் இஃப் பக்கம் சிம்பிள் பாஸ்ட், மறுபக்கம் வுட்.
'இஃப் ஐ காட் தி மணி, ஐ வுட் பை எ ஹவுஸ்.'
இங்கே பலரும் குழம்புவார்கள்: இனி நடக்கப்போவதற்கு எதற்கு பாஸ்ட் டென்ஸ்? நம் 'கிடைத்தால்' மட்டும் என்னவாம்? அதிலும் 'கிடைத்த' என்ற இறந்தகால வடிவம்தான் இருக்கிறது. இருந்தும் 'நாளைக்குக் கிடைத்தால்' என்று கூசாமல் சொல்கிறோம். இங்கிலீஷில் இந்த பாஸ்ட் காட்டுவது நேற்றையோ முந்தாநாளையோ அல்ல, 'இது நடக்கும் என்று நான் நினைக்கவில்லை' என்பதை.
பி வெர்ப் (ஆம், இஸ், ஆர் குடும்பம்) வந்தால் 'இஃப் ஐ வேர் யூ' என்று எழுதுங்கள். பேச்சில் 'இஃப் ஐ வாஸ்' என்றும் காதில் விழும், ஆனால் பரீட்சைத் தாளில் வேர்தான் பாதுகாப்பு.

படி 4: முடிந்துபோனது என்றால் இன்னும் ஒரு படி பின்னால் போங்கள். இஃப் பக்கம் ஹேட், மறுபக்கம் வுட் ஹேவ், இரண்டோடும் பாஸ்ட் பார்ட்டிசிபிள், அதாவது வெர்பின் மூன்றாம் வடிவம்.
'இஃப் ஐ ஹேட் காட் தி மணி, ஐ வுட் ஹேவ் பாட் தி ஹவுஸ்.'
தமிழில் 'கிடைத்திருந்தால், வாங்கியிருப்பேன்' என்று வந்தாலே பெரும்பாலும் இந்த வகைதான். 'இஃப் ஐ வுட் ஹேவ் காட்' என்று எழுதிவிடாதீர்கள், வுட் மறுபக்கத்துக்குச் சொந்தம்.

காரணம் அன்றையது, விளைவு இன்றையது என்றால் இரண்டையும் கலக்கலாம்: 'இஃப் ஐ ஹேட் பாட் தி ஹவுஸ், ஐ வுட் நாட் பி பேயிங் ரென்ட் நவ்.'