பல்லுறுப்புக்கோவைக்கு ஒரு வாழைத்தாரும் ஒரு பாயும்

ஒன்பதாம் வகுப்புக்கு இயற்கணிதம் எடுக்கப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். எழுத்து நிற்பது எண்ணுக்காக, பொருளுக்காக அல்ல. இதைப் பிள்ளைகள் மனத்தில் ஊன்றிவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். நானும் பல ஆண்டுகள் "மூன்று மாம்பழத்தையும் இரண்டு வாழைப்பழத்தையும் கூட்ட முடியுமா?" என்றுதான் ஒத்த உறுப்புகளை, அதாவது ஒன்றாகச் சேர்த்துக் கூட்டக்கூடியவற்றை, சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, "வாழைப்பழத்தை வாழைப்பழத்தால் பெருக்கினால் என்ன வரும், டீச்சர்?" என்று கேட்டாள். அவள் கேட்டது முழுக்கச் சரி. அன்றோடு அந்த உதாரணத்தை விட்டுவிட்டேன்.

இப்போது பழத்தை விட்டு விலைக்கு வந்துவிட்டேன். சேரன்மகாதேவி, களக்காடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாழைத்தார் விலை ஏறுவதும் இறங்குவதும் வீட்டுப் பேச்சு. "12 தாரை மண்டிக்குக் கொண்டுபோகிறோம், வண்டிக் கூலி 200 ரூபாய். கையில் எவ்வளவு நிற்கும்?" என்று கேளுங்கள். விலை தெரியாமல் எப்படிச் சொல்வது என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி வரும்வரை பொறுத்திருங்கள். வந்த பிறகு பலகையில் எழுதுங்கள்:

12வ − 200

வ என்பது தார் அல்ல, ஒரு தாருக்கு எத்தனை ரூபாய் என்ற எண். விலை 300 என்றால் 3,400 ரூபாய் நிற்கும். 250 என்றால் 2,800. நாலைந்து விலைகளைப் பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும். புத்தகத்தில் வருகிற எக்ஸ் இரண்டு நாள் காத்திருக்கலாம்.

பெயர்களை இதற்குப் பிறகுதான் சொல்கிறேன். நம் கலைச்சொற்கள் தாமே விளக்கம் சொல்பவை. நாளுக்கு நாள் மாறுவது மாறி. விலை என்னவானாலும் மாறாத வண்டிக் கூலி மாறிலி. மாறியோடு ஒட்டி நிற்கிற 12 கெழு. கெழுமுதல் என்றால் சேர்ந்திருத்தல். 12வ ஓர் உறுப்பு, −200 இன்னோர் உறுப்பு. உறுப்புகளைப் பூப்போலக் கோத்தது கோவை. உறுப்பு ஒன்றே என்றால் ஓருறுப்புக் கோவை; இரண்டு, மூன்று என்றால் ஈருறுப்பு, மூவுறுப்பு. பல்லுறுப்புக்கோவை என்ற நீண்ட சொல்லைக் கண்டு மிரளும் பிள்ளையிடம் பல், உறுப்பு, கோவை என்று பிரித்து வாசிக்கச் சொன்னால் போதும். ஓரிடத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இங்கே மாறிலி 200 அல்ல, −200. குறியும் உறுப்பின் பகுதிதான். இதை முதல் நாளே திருத்தாவிட்டால் வருடம் முழுக்கத் தொல்லை.

அடுத்த பாடத்துக்கு அட்டை வேண்டும். காலியான அல்வாப் பெட்டிகளை எடுத்துவரச் சொல்லிவிடுவேன். பத்தமடைப் பாயைப் பார்க்காத பிள்ளை இந்தப் பக்கத்தில் இல்லை. "சதுரமான ஒரு பாய், பக்கம் ப. பரப்பு என்ன?" என்று கேட்டால் ப² என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பாய்க்குப் பதிலாக 9.3 செ.மீ. பக்கமுள்ள சதுர அட்டை. அதே நீளத்தில் 2 செ.மீ. அகலப் பட்டை ஒன்று. அந்த 2 செ.மீ.யை 1 என்று வைத்துக்கொண்டால் பட்டையின் பரப்பு ப. பிறகு 2 செ.மீ. சதுரம், அதன் பரப்பு 1. ஒரு குழுவுக்குப் பெரியது 3, பட்டை 6, சிறியது 10 போதும். நீளம் ஏன் 9.3 என்று கேட்கலாம். 10 என்று வெட்டினால் ஐந்து சிறு சதுரம் சரியாகப் பொருந்தும். பிள்ளைகள் ப என்றால் ஐந்து என்று முடிவு கட்டிவிடுவார்கள். பொருந்தாமல் இருப்பதுதான் நமக்கு வேண்டியது.

3ப + 4 எவ்வளவு என்று கேட்டால் பாதி வகுப்பு 7ப என்று எழுதும். பேசாமல் மூன்று பட்டையையும் நான்கு சிறு சதுரத்தையும் மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். ஏழு பட்டை எங்கே? பிறகு ப-வுக்குப் பத்தைப் போடச் சொல்லுங்கள்: ஒன்று 34, மற்றது 70. ஒத்த உறுப்பு என்றால் என்ன என்று அதன் பிறகு அவர்களே சொல்வார்கள்.

இந்தப் பத்து எனக்கு மிகவும் பிடித்த கருவி. 2ப² + 3ப + 4-இல் ப-வுக்குப் பத்தைப் போட்டால் 234. ஒன்றாம் இடம், பத்தாம் இடம், நூறாம் இடம் என்று மூன்றாம் வகுப்பில் படித்ததுதான் இது. 2ப² + 4-க்கு 204 வரும். நடுவில் நிற்கும் பூச்சியம்தான் காணாமல்போன ப-வின் கெழு. ப²-இல் மேலே நிற்கும் 2 அடுக்கு. பெரிய அடுக்கிலிருந்து இறங்குமுகமாக எழுதுவது திட்ட வடிவம். பூச்சியமல்லாத கெழு உள்ள உறுப்புகளில் மிகப் பெரிய அடுக்கு, கோவையின் படி. வெறும் 7-இன் படி பூச்சியம்; பூச்சியப் பல்லுறுப்புக்கோவைக்கு, அதாவது வெறும் 0-க்கு, படி வரையறுக்கப்படவில்லை. இதைச் சொல்லிவிட்டுக் கடந்துபோங்கள், இப்போது தோண்ட வேண்டாம்.

எது பல்லுறுப்புக்கோவை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 500 ரூபாய்க்கு எத்தனை தார் கிடைக்கும்? 500/வ. இதுவும் கோவைதான், ஆனால் மாறி பகுதிக்கு, அதாவது வகுத்தல் கோட்டுக்குக் கீழே, போய்விட்டது. மாறியின் அடுக்கு முழு எண்ணாக இருக்க வேண்டும்: 0, 1, 2 என்று. √ப-வும் ஆகாது. ஆனால் √2ப என்பதில் 2 மட்டும் மூலக்குறிக்குள் இருந்தால் தடையில்லை. கெழு எந்த மெய்யெண்ணாகவும் இருக்கலாம்.

கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு பெரிய சதுரம், மூன்று பட்டை, இரண்டு சிறு சதுரம் கொடுத்து, இடைவெளி இல்லாமல் ஒரே செவ்வகமாக அடுக்கச் சொல்லுங்கள். வழி காட்ட வேண்டாம். அடுக்கியவர்களிடம் பக்கங்களை எழுதச் சொல்லுங்கள்: ப + 1, ப + 2. பத்தைப் போடத் தெரிந்த ஒரு பிள்ளை 11 × 12 = 132 என்று தானாகவே எழுதிக் காட்டும். பெருக்கல் பாடத்தை மறுநாள் அந்தப் பிள்ளையின் நோட்டிலிருந்தே தொடங்கலாம்.