உப்புச் சதுப்பை மீட்க முதலில் தண்ணீருக்கு வழி விடுங்கள்

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு துண்டு உப்புச் சதுப்பை மீட்கப் போகிறோம் என்றால், வருகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கன்று வேண்டும்?" என்றுதான். தடா பக்கத்துக் கரையில் இந்த வேலைக்கு ஆள் சேர்ப்பவள் நான். கன்று வேண்டாம், மண்வெட்டி கொண்டுவாருங்கள் என்பேன். உப்பு மண்ணில் தானாக வளரும் சதைப்பற்றுள்ள செடியான உமரி பட்டுப்போன இடங்களில் பெரும்பாலும் தண்ணீர் வரத்துதான் நின்றுபோயிருக்கிறது. பழைய இறால் குட்டையின் கரையோ, லாரிக்காகப் போட்ட மண்பாதையோ, தூர்ந்த ஓடையோ ஏற்றத்தை, அதாவது கடல் பொங்கும்போது ஏறிவரும் தண்ணீரை, மறித்திருக்கும். ஏரியிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை அமைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது. ஆனால் கைவிட்ட குட்டையின் கரை தானாகக் கரைந்துவிடாது.

அமாவாசை அல்லது பௌர்ணமி ஏற்றத்தில் இடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். கையால் தடவி இறால் பிடிக்கும் அக்காக்களைக் கட்டாயம் கூட்டிக்கொள்ளுங்கள். பழைய ஓடை எங்கே ஓடியது என்பது எந்த வரைபடத்தையும் விட அவர்களுக்குத்தான் தெரியும். தண்ணீர் எதுவரை ஏறி வந்து நிற்கிறதோ அந்த இடங்களில் குச்சி நடுங்கள். ஏரி தமிழ்நாடு, ஆந்திரம் இரண்டு மாநிலத்திலும் பறவைகள் சரணாலயம் என்பதால், வனத்துறையின் அனுமதி கையில் வராமல் ஒரு கூடை மண்கூட எடுக்காதீர்கள். மீனவ ஊர்ப் பெரியவர்களிடமும் பேசிவிடுங்கள்.

சரி, இனி கரையை வெட்டலாம். முழுவதையும் இடிக்க வேண்டாம். பழைய ஓடை போன தடத்தில் ஒரு வாய் திறந்தால் போதும். ஓடையை நேர்க்கோடாக வெட்டாமல் வளைவாக விடுங்கள். வெட்டிய மண்ணைக் குவித்து வைத்தால் அந்த மேட்டில் வேலிகாத்தான் (சீமைக் கருவேலம்) வந்துவிடும், ஆகவே குட்டைக்குள்ளேயே மெல்லிசாகப் பரப்புங்கள். ஏற்கெனவே முளைத்த வேலிகாத்தானை அடிக்கட்டையோடு தோண்டி எடுக்க வேண்டும், மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். அந்த முள்ளே ஆடு மாடு நுழையாமல் வேலியாகும், ஆனால் காய்களை முதலில் பறித்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு மழைக்காலம் பொறுங்கள். வடகிழக்குப் பருவமழை மண்ணின் உப்பைக் கழுவி இறக்கும், உமரி விதை தண்ணீரோடு தானே வந்து சேரும். வெள்ளம் வடிந்த பிறகும் வெறுமையாக இருக்கிற மேட்டோரத்தில் மட்டும் ஓர்ப்பூட்டுத் தண்டுகளை நடுங்கள். தடித்த இலையும் இளஞ்சிவப்புப் பூவுமாகத் தரையில் படரும் கொடி அது. ஒரு சாண் நீளம் வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றினால் வேர்விடும். கண்டல் (அலையாத்தி) கன்று இலவசமாகக் கிடைக்கிறதே என்று எல்லா இடத்திலும் நட்டுவிடாதீர்கள். திறந்த சேற்றுவெளி பூநாரைகளின் மேய்ச்சல் நிலம், அங்கே எதுவுமே நடக்கூடாது.

கூட்டம் பெரிதாக இருந்தால் நல்லது என்று நான் நினைப்பதில்லை. மிதிபட்ட சேறு இறுகிப்போகும், அதனால் எல்லோரும் ஒரே தடத்தில் நடக்க வேண்டும். கிளிஞ்சல் காலைக் கிழிக்கும். ஷூ சேற்றில் சிக்கும். இறுக்கமான பழைய சாக்ஸை இரண்டாகப் போடச் சொல்லுங்கள். வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். மைக் செட் வேண்டாம், பறவைகள் கலைந்துவிடும்.

அடுத்த அமாவாசையில் அதே குச்சிகளிடம் போய், அதே கோணத்தில் படம் எடுங்கள். ஏற்றத்தில் வந்த தண்ணீர் வற்றத்தில் வடியாமல் தேங்கினால் ஓடையின் வாயை இன்னும் ஒரு மண்வெட்டி ஆழமாக்குங்கள்.