ஓராண்டு வாசித்துவிட்டு விமானம் ஏறுங்கள்

வேதாகம ஊர்களைப் பார்க்க முதல் தடவை இஸ்ரேலின் பெயெர்செபா போய் வந்தபோது எனக்கு நினைவில் நின்றது வெயிலும் கழிப்பறை வரிசையும்தான். பத்து நாளில் முப்பது இடம். பேருந்தை விட்டு இறங்கிக் கண்ணாடியைத் துடைப்பதற்குள் "ஏறுங்க, ஏறுங்க" என்று விரட்டினார்கள். சிங்கப்பூரில் ஈசூனுக்குத் திரும்பி வந்து படங்களைப் பார்த்தால் எது எந்த ஊர் என்றே தெரியவில்லை. எல்லாம் கல்லு.

இரண்டாம் தடவை போவதற்கு முன் யூதர்களின் வாராந்தர வேத வாசிப்பை ஓராண்டு பின்பற்றினேன். ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் ஆலயத்திலிருந்து வாட்டர்லூ ஸ்ட்ரீட் நடக்கிற தூரம்தான். குவான் இம் கோயில், கிருஷ்ணன் கோயில், பிறகு மிடில் ரோட்டைத் தாண்டினால் 1878இல் கட்டி முடித்த மகேன் அபோத் யூத ஆலயம். அந்த வழியாக எத்தனையோ வருடம் போயிருக்கிறேன். ஆதியாகமம் முதல் உபாகமம் வரை 54 பகுதியாகப் பிரித்து, சனிக்கிழமைதோறும் வரிசையாக வாசிக்கிறார்கள் என்பது மட்டும் தெரியாது. ஒரு பகுதிக்குப் பெயர் பராஷா. சில வாரம் இரண்டைச் சேர்த்து வாசிப்பார்கள்.

அட்டவணை ஹெப்கால் இணையத்தளத்தில் கிடைக்கும். அதில் இஸ்ரேல் நாட்காட்டி வேறு, வெளிநாட்டு நாட்காட்டி வேறு. பண்டிகைகள் குறுக்கிடும்போது சில வாரம் இரண்டும் ஒத்துப்போகாது. சிங்கப்பூர்க்காரர்கள் வெளிநாட்டு நாட்காட்டியையே எடுங்கள்.

தைத்த நோட்டுப் புத்தகம் வேண்டாம், வளையக் கோப்பு வாங்குங்கள். பராஷாவுக்கு ஒரு தாள். மேலே வசனம், நடுவில் அதில் வரும் ஊரின் பெயர், அடியில் சிவப்பு மையில் 'இந்தக் கல் எந்தக் காலத்தது?' என்ற கேள்வி. வருடம் முழுக்கத் தாள்கள் வாசிப்பு வரிசையில் இருக்கட்டும். பயணத்திட்டம் கைக்கு வந்ததும் கழற்றி, பேருந்து போகும் வரிசைக்கு மாற்றி அடுக்குங்கள். வேதம் போகிற வழியில் பேருந்து போகாது.

சிவப்பு மைக் கேள்வி ஏன் என்று பெயெர்செபாவை வைத்தே சொல்கிறேன். ஆபிரகாமின் கிணறு, ஈசாக்கின் கிணறு என்று அந்த ஊர் ஆதியாகமத்தில் இரண்டு பராஷாக்களில் வரும். ஆனால் அங்கே நாம் பார்க்கும் வாசலும் தெருவும் அரசர்கள் காலத்து ஊர். அங்கே கொம்புகள் வைத்த ஒரு பலிபீடம் கிடைத்தது. பிரித்து, கிடங்குச் சுவரில் சாதாரணக் கல்லாக வைத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு கல்லில் பாம்பு செதுக்கியிருக்கிறது. இப்போது அந்தப் பழைய ஊர் மேட்டில் நிற்பது நகல். கிட்டே போய்ப் பாருங்கள்: எல்லாம் செதுக்கிய கல். பலிபீடத்தைச் செதுக்கின கல்லால் கட்டாதே என்று யாத்திராகமம் 20 சொல்கிறது. அது யித்ரோ பராஷா, ஜனவரி பிப்ரவரி வாக்கில் வரும். அதே தென்பகுதியில் ஆராத் கோட்டைக்குள் ஒரு கோயில். அங்கே பலிபீடம் செதுக்காத கல். பெயெர்செபா, ஆராத் இரண்டுக்கும் தனித்தாள் எழுதி யித்ரோ தாளின் பின்னால் சேர்த்துக் குத்திவையுங்கள். லேவியராகமத்தில் ஊர்ப்பெயர் தேடி அலைய வேண்டாம், பலி பற்றிய அந்த வாரங்களுக்கும் ஆராத்தே போதும்.

எனக்குப் பிடித்த தாள் நாசோ பராஷாவுடையது. ஜூன் பள்ளி விடுமுறையை ஒட்டி வரும். 176 வசனம், உள்ளதிலேயே நீளம். அதில்தான் எண்ணாகமம் 6இன் ஆசீர்வாதம் இருக்கிறது. நம் போதகர் ஆராதனை முடிவில் கையை உயர்த்திச் சொல்வாரே, "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து", அதுதான். 1979இல் எருசலேமின் கெத்தெப் ஹின்னோம் கல்லறையில் சுருட்டிய இரண்டு வெள்ளித் தகடுகள் கிடைத்தன. பிரித்துப் பார்த்தால் இந்த ஆசீர்வாதத்தின் வரிகள். ஏறக்குறைய 2,600 ஆண்டுப் பழமை. சின்னது 4 சென்டிமீட்டர்கூட நீளமில்லை. சுருட்டிக் கழுத்தில் கட்டிக்கொள்வது, சுத்தமான தாயத்து! தாயத்து கட்டினால் பாவம் என்று பிரம்பெடுத்த என் பாட்டிக்கு இதைக் காட்ட முடியாமல் போயிற்று. கல்லறையைப் பார்த்தாலும் தகடுகள் இருப்பது இஸ்ரேல் அருங்காட்சியகத்தில். இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

மக்பேலா குகை இருக்கும் எபிரோன் மேற்குக் கரையில் இருக்கிறது. ஆபிரகாம் கல்லறைக்காக 400 வெள்ளிச் சேக்கலுக்கு வாங்கிய நிலம். வெளியே தெரியும் பெரிய மதில் ஏரோது காலத்தது. நினைத்தவுடன் போகிற இடமல்ல. வெளியுறவு அமைச்சின் பயண அறிவுரையைப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

கடைசிப் பராஷா வழக்கமான சனிக்கிழமை வாசிப்பில் வராது, சிம்ஹாத் தோராப் பண்டிகையில்தான் வாசிப்பார்கள். சனிக்கிழமைகளை மட்டும் எண்ணிக்கொண்டு வந்தால் உபாகமம் 34ஐத் தவறவிடுவீர்கள், நான் விட்டேன். நேபோ மலையில் மோசே தேசத்தைப் பார்த்துவிட்டு இறந்த அதிகாரம் அது. தாள் இல்லாமலே ஜோர்தானில் அந்த மலை ஏறி நின்றேன். அன்றைக்கு ஒரே மூட்டம், நம்மூர்ப் புகைமூட்டம் மாதிரி. எரிகோ இருக்கும் திசையை வழிகாட்டி கையால் காட்டினார். எனக்குத் தெரிந்தது அவர் கைதான்.