முதல் ஜெட்டை மேலே ஏற்றி, முழுசாகக் கீழே இறக்க

ரிமோட் விமானம் ஓட்டிப் பழகியவர்கள் எல்லோருக்கும் ஒரு நாள் ஜெட் ஆசை வரும். வரட்டும். ஆனால் எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் விமானத்தைச் சாய்க்கும் மடல்) உள்ள சாதாரண விமானத்தை யோசிக்காமலே, எந்தப் பக்கக் காற்றிலும், வரிசையாக இருபது முறை ஓடுபாதையில் இறக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடியவில்லை என்றால் ஜெட்டைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு இன்னும் கொஞ்ச நாள் சிமுலேட்டரில் உட்காருங்கள்.

காரணம் இதுதான். மூக்கில் விசிறி உள்ள விமானத்தில், விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைத் தள்ளியதும் காற்று நேராக வால் மேல் பாயும், அதனால் வேகம் குறைந்திருந்தாலும் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டருக்கும் இடவலம் திருப்பும் ரடருக்கும் பிடிப்பு கிடைத்துவிடும். ஜெட்டில் விசிறி உடலுக்குள்ளே இருக்கிறது, காற்று குழாய் வழியாகப் பின்னால் போய்விடுகிறது, வாலுக்கு அதில் எதுவும் மிஞ்சாது. விமானமே வேகமாக நகர்ந்தால்தான் வால் பேச்சைக் கேட்கும். போதாததற்கு, த்ராட்டிலைத் தள்ளினால் இழுவிசை உடனே வராது, விசிறி சுழன்று வேகம் பிடிக்க ஒரு கணம் ஆகும். எரிபொருளில் ஓடும் நிஜ ஜெட் எஞ்சினான டர்பைன் என்றால் இன்னும் அதிகம். கீழே நான் சொல்வதெல்லாம் இந்த இரண்டு விஷயத்திலிருந்து வருவதுதான்.

முதல் ஜெட்டுக்கு 70 அல்லது 80 மில்லிமீட்டர் விசிறி உள்ள, மின்சாரத்தில் ஓடும் ஃபோம் ஜெட் போதும். கூர்மையான போர் விமான வடிவம் பார்க்க அழகுதான், இருந்தாலும் நேரான, கொஞ்சம் தடித்த இறக்கை உள்ளதையே எடுங்கள், மெதுவாகப் பறக்கும்போது அது மன்னிக்கும். டர்பைன் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் சுற்றுகிற, மண்ணெண்ணெய் எரிக்கிற, நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் புகை தள்ளுகிற இயந்திரம் அது, பக்கத்தில் தீயணைப்பான் இல்லாமல் அதைக் கிளப்பவே கூடாது.

பேட்டரிக் கணக்கைக் களத்துக்குப் போவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். 4000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியில் 80 சதவீதம்தான் உங்களுக்கு, அதாவது 3200. சராசரியாக 60 ஆம்பியர் இழுத்தால் அது 3 நிமிடம் சொச்சத்தில் தீர்ந்துவிடும். அதனால் முதல் முறை டைமரை 2 நிமிடத்தில் வையுங்கள். இறங்க வந்து, சரியாக அமையாமல், மறுபடி சுற்றி வரவும் சார்ஜ் மிச்சம் இருக்க வேண்டும்.

அப்புறம் ஈர்ப்பு மையம், அதாவது விமானம் முன்னும் பின்னும் சாயாமல் சமமாக நிற்கும் புள்ளி. கையேட்டில் சொன்ன இடத்தில், பேட்டரியை உள்ளே வைத்தே பாருங்கள். மூக்கு லேசாகக் கனத்தால் பரவாயில்லை, வால் கனத்தால் மேலே ஏறிய பிறகு உங்களால் செய்ய ஒன்றும் இல்லை.

கட்டுப்பாட்டுத் திசையை விமானத்துக்குப் பின்னால் நின்று பாருங்கள். ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே வர வேண்டும், ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே வர வேண்டும். விமானம் தடுமாறினால் தானே திருத்தும் கைரோ இருந்தால் அதையும் தனியாகச் சோதிக்க வேண்டும், இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். விமானத்தைக் கையில் பிடித்து மூக்கைச் சட்டென மேலே தூக்கினால் எலிவேட்டர் கீழே அசைய வேண்டும், வலது பக்கம் சாய்த்தால் வலது எய்லரான் கீழே அசைய வேண்டும். கைரோ தலைகீழாக இருந்தால் தரையை விட்ட மறு நொடியே அது விமானத்தைப் புரட்டிவிடும். ஸ்டிக்கின் நடுப்பகுதியை மென்மையாக்கும் எக்ஸ்போ என்ற அமைப்பை 30 சதவீதம் போடுங்கள், ஆனால் அதற்குச் சில டிரான்ஸ்மிட்டரில் (கையில் உள்ள ரிமோட்டில்) மைனஸ், சிலவற்றில் பிளஸ், உங்களுடையது எது என்று திரையில் உள்ள வளைகோட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். கடைசியாக, விமானத்தை யாராவது கெட்டியாகப் பிடித்திருக்க, விசிறி மெதுவாகச் சுற்றும்போது டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். விசிறி நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அன்று பறக்க வேண்டாம்.

கிளம்பும்போது காற்றுக்கு எதிராக, ஃபிளாப் (மெதுவாகப் பறக்க இறக்கையில் கீழே இறங்கும் மடல்) பாதி. சின்னச் சக்கரங்களுக்குப் புல் ஆகாது, தார் அல்லது சிமெண்ட் பாதை இருந்தால் நல்லது. பாதையில் இருக்கிற சிறு கற்களை முதலில் கூட்டித் தள்ளிவிடுங்கள், விசிறி அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். த்ராட்டிலைச் சீராகத் தள்ளி, ரடரால் நேராக வைத்து, ஓட விடுங்கள். ஓடுபாதை தீரப்போகிறதே என்ற பயத்தில் எலிவேட்டரை வெடுக்கென்று இழுத்தால் விமானம் எழும், ஒரு பக்கம் சாயும், விழும். போதுமான வேகம் வந்தால் லேசாக இழுத்தாலே எழுந்துவிடும். எழுந்த பின்னும் செங்குத்தாக ஏற்றாதீர்கள்.

முதல் பறப்பில் சக்கரங்களை மடக்காமலே விடுங்கள் என்பது என் கட்சி, யோசிக்க வேண்டியதில் ஒன்று குறையும். நல்ல உயரம் போய், த்ராட்டிலைப் பாதிக்குக் குறைத்து டிரிம் பாருங்கள், அதாவது ஸ்டிக்கைத் தொடாமலே நேராகப் பறக்கும்படி சரிசெய்யுங்கள். தூரம் போக விடாதீர்கள், ஜெட் சின்னது, இரண்டு நொடி வேறு பக்கம் பார்த்தாலே வெறும் புள்ளியாகிவிடும். உங்களை நோக்கி வரும்போது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று குழம்பினால், எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள், நேராகிவிடும். அந்த உயரத்திலேயே ஃபிளாப்பை முழுதாக இறக்கி, த்ராட்டிலை மெல்லக் குறைத்து, எந்த வேகத்தில் இறக்கை தொங்குகிறது என்று கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இறக்கம். என் முதல் ஜெட்டில் நான் செய்தது, உயரம் அதிகம் என்று நினைத்து த்ராட்டிலை முழுக்க மூடியது. பாதைக்கு முன்னால் தாழப்போகிறது என்று புரிந்து திரும்பத் தள்ளினேன், விசிறி சத்தம் ஏறியது, விமானம் ஏறவில்லை. முன் சக்கரம் உடைந்து, மூக்கு நசுங்கியது. அதனால் கடைசித் திருப்பத்தைத் தள்ளியே போடுங்கள், அகலமாக, மூக்கு லேசாகத் தாழ்ந்தபடி, எலிவேட்டரை இழுத்துப் பிடிக்காமல். பிறகு நீளமான நேர்கோட்டில், மூன்றில் ஒரு பங்கு த்ராட்டிலோடு வாருங்கள். வேகத்தை எலிவேட்டரால், இறங்கும் விகிதத்தை த்ராட்டிலால் சரிசெய்யுங்கள். கோணம் தப்பாகத் தோன்றினால் உயரம் இருக்கும்போதே த்ராட்டிலைத் தள்ளிச் சுற்றி வந்துவிடுங்கள், முழங்கால் உயரத்தில் அந்த முடிவை எடுக்க முடியாது. ஓடுபாதை விமானத்துக்கு அடியில் வந்த பிறகுதான் த்ராட்டிலை மூட வேண்டும்.

நின்றதும் முதலில் பேட்டரியைக் கழற்றி ஒவ்வொரு செல்லையும் அளந்து பாருங்கள். 3.7 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தால் அடுத்த பறப்புக்கு டைமரில் 15 நொடி கூட்டலாம்.