ஃபாக் லாம்ப் மாட்டிய பிறகு கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? பேட்டரி வாங்கும் முன் இதைப் பாருங்கள்

மார்கழி விடியற்காலையில் மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டிப் பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் சம்பா வயல், நடுவில் ரோடே தெரியாத பனி. அதற்காகத்தான் என் மச்சினன் தன் பழைய காருக்கு ஃபாக் லாம்ப் வாங்கி, அவனே மாட்டினான். மாட்டி முடித்துச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை.

"அத்தான், பேட்டரி போயிடுச்சு போல. புதுசு வாங்கிடவா?" என்று போன் செய்தான்.

"பொறு மாப்ள, எதையும் வாங்காதே. வரேன்" என்றேன்.

நேற்றுவரை ஓடிய வண்டி, நாம் கை வைத்த பிறகு நிற்கிறது என்றால், கை வைத்த இடத்தில்தான் முதலில் தேட வேண்டும். பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் அதே நாளில் பார்த்துக் கெட்டுப்போவது அபூர்வம்.

10-ம் நம்பர் ஸ்பேனர், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், உப்புத்தாள் ஒரு துண்டு, இவ்வளவு போதும். கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். மோதிரம், வாட்ச் இருந்தால் கழற்றி வையுங்கள். பேட்டரி பிளஸ்ஸையும் பாடியையும் மோதிரம் ஒன்றாகத் தொட்டுவிட்டால் ஒரு நொடியில் விரல் வெந்துவிடும்.

படி 1: சத்தத்தைக் கேளுங்கள்

டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை என்றால் பேட்டரி டெர்மினல், இல்லாவிட்டால் மெயின் ஃபியூஸ். 'டக் டக் டக்' என்று விடாமல் அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது எங்கோ பிடிமானம் சரியில்லை. ஒரே ஒரு 'டக்' கேட்டு அடங்கினால் செல்ஃப் மோட்டாருக்குப் போதிய கரண்ட் போகவில்லை, அல்லது மோட்டாரிலேயே கோளாறு.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் கதை வேறு. பெட்ரோல் வண்டியில் சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுப் பக்கம் பம்ப் ஓரிரு நொடி உறுமும். அது கேட்கவில்லை என்றால் பம்ப் ஃபியூஸைப் பாருங்கள். டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு விடாமல் மின்னினால், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை ஏற்கவில்லை. மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

படி 2: புதிதாக மாட்டியதைப் பிரியுங்கள்

பேட்டரி மைனஸை முதலில் கழற்றுங்கள். பிறகு ஃபாக் லாம்புக்கு இழுத்த வயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். திரும்ப மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். இப்போது ஸ்டார்ட் ஆகிவிட்டால் தவறு புது வயரிங்கில் இருக்கிறது.

ஆகவில்லையா? கரண்ட் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று யோசியுங்கள். ஃபியூஸ் பாக்ஸில் ஏதோ ஒரு வயரில் முடிச்சுப் போட்டிருந்தால் அந்த லைனின் ஃபியூஸ் போயிருக்கும். ஃபியூஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், உள்ளே கம்பி அறுந்திருப்பது தெரியும். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். போன இடத்தில் அதே அளவுதான் போட வேண்டும். பெரியதைப் போட்டால் ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

படி 3: பேட்டரி

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, பேட்டரியின் இரண்டு குமிழிலும் நேராக அளவெடுங்கள். 12.6 இருந்தால் முழு சார்ஜ். 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றிவிட்டு மேலே போகலாம். டெர்மினல் கிளாம்பைக் கையால் திருகிப் பாருங்கள், துளிகூட அசையக் கூடாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் டெர்மினல் சீக்கிரம் பூத்துவிடும். ஆப்பச் சோடா கலந்த தண்ணீரால் கழுவித் துடைத்து இறுக்குங்கள்.

படி 4: எர்த்

பேட்டரி மைனஸைக் கார் பாடியோடும் இன்ஜினோடும் சேர்க்கும் இணைப்புதான் எர்த். எனக்குத் தெரிந்து பாதிப் பேர் கோட்டைவிடும் இடம் இதுதான். மச்சினன் காரில் பேட்டரி 12.5 காட்டியது. ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது. சாவியைத் திருப்பினால் ஒரு 'டக்', அவ்வளவுதான்.

மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸ் குமிழிலும், சிவப்பு முனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் வைத்துக்கொண்டு, அவனைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது, ஐந்துக்கு மேல் போனது. அந்த ஐந்து வோல்ட்டும் செல்ஃபுக்குப் போகாமல் வழியிலேயே வீணாகிறது என்று அர்த்தம்.

பாடியில் எர்த் வயர் பிடிக்கும் போல்ட்டைக் கழற்றினோம். ஃபாக் லாம்ப் எர்த்தையும் அதே போல்ட்டில் சேர்த்திருந்தான். புது வயரின் ரிங் அடியில், பெயின்ட் மேல் உட்கார்ந்திருந்தது. பேட்டரியின் தடித்த எர்த் ரிங் அதன் மேல் சாய்ந்து, ஒரு ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த ஓரம் மட்டும் கறுத்திருந்தது.

மண் மேடிட்ட வாய்க்காலிலும் தண்ணீர் கசியும். நாற்றங்காலுக்கு அது போதும், நடவு வயலுக்குப் போதாது. ஹெட்லைட்டுக்குப் பத்து ஆம்பியர் அளவில் போதும், செல்ஃபுக்கு நூறுக்கு மேல் வேண்டும். அதனால்தான் லைட் எரிவதை வைத்து எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது.

போல்ட் உட்காரும் இடத்தை உலோகம் பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்தோம். தடித்த ரிங்கை மட்டும் அங்கே இறுக்கி, ஃபாக் லாம்ப் எர்த்துக்குத் தனி போல்ட் கொடுத்தோம். மேலே கொஞ்சம் கிரீஸ். சாவியைத் திருப்பியதும் முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்தது.

இவ்வளவும் சரியாக இருந்தும் எடுக்கவில்லை என்றால் பானெட்டுக்குள் வயர்களை எலி கடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டுப் பக்கம் வரும். வைக்கோல் போர் அருகே நிற்கும் கார் அதற்கு நல்ல இடம். மஞ்சள் உறை போட்ட வயரும் கனெக்டரும் ஏர்பேகுடையவை, அவற்றில் மட்டும் கை வைக்காமல் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போய்விடுங்கள்.

அன்றைக்கு ஸ்டார்ட் ஆகி, இரண்டு நாள் நின்ற பிறகு மறுபடி பேட்டரி இறங்கினால் புது வயர் கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கலாம். எல்லாவற்றையும் அணைத்து, மைனஸ் கிளாம்பைக் கழற்றி, குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டில் வைத்து அரை மணி நேரம் விடுங்கள். அப்போது சாவியைத் திருப்பவே கூடாது, மீட்டர் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் ஃபாக் லாம்ப் ஃபியூஸை உருவுங்கள். அளவு சட்டென்று இறங்கினால், சுவிட்சை அணைத்தும் ரிலே (சுவிட்ச் சொன்னபடி விளக்குக்குக் கரண்டைத் திறந்து மூடும் சின்னப் பெட்டி) விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். ரிலேயின் சுவிட்ச் வயரைப் பேட்டரியிலிருந்து நேராக எடுக்காமல், சாவி ஆன் செய்தால் மட்டும் கரண்ட் வரும் லைனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.